தமிழ் நூற்காப்பும் திறந்தமூல வழங்கிகளும்

முன்னுரை

தைத் திங்கள் முதல் நாள் அவனியாபுரத்தார்க்கு வாடிவாசலின் நாளாகும். அத்தகைய பொங்கல் திருநாள் ஒன்றில், 1998ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 14ஆம் நாளில், மதுரையின் பெயர் தாங்கிய மற்றொரு பணியும் தொடங்கப்பெற்றது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டமே அது. அமெரிக்காவில் பணியாற்றிய முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் அவர்கள் அதற்குத் துணை நின்றார். சங்கம் வளர்த்த நகரின் பெயரைத் தம் பணிக்குச் சூட்டிய அவர்கள், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் பலரைக் கொண்டு தட்டச்சிட்டு, மெய்ப்புத் திருத்தி, விலையின்றி உலகிற்கு வழங்கினர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

நூலைத் தட்டச்சிடுவது பணியின் ஒரு பாதியே. அதனை நாளும் கெடாமல் காத்து, கேட்பவர் எத்துணைப் பேராயினும் தடையின்றி எடுத்து வழங்குவது மறுபாதியாகும். முதற்பாதியைத் தமிழறிஞர் நன்கறிவர். மறுபாதியைக் கணிப்பொறித் துறையினர்க்கு உரியதென்று ஒதுக்கிவிடுகின்றோம். அவ்வாறு ஒதுக்குதல் தமிழுக்கு நலந்தருமா என்னும் வினாவை எழுப்பி, வழங்கிக் கணிப்பொறிகள் இயங்கும் முறையையும், திறந்தமூல மென்பொருளால் அவற்றைப் பேரளவில் அமைக்கும் நெறியையும், அதன்வழி நம் துறை செய்யத்தக்கனவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழங்கி என்பது யாது?

வழங்கி என்பது தனியொரு வகைப் பொறியன்று. அது ஒரு கடமையின் பெயர். பிற கணிப்பொறிகள் கேட்பதைத் தேடி எடுத்துத் தரும் பணியை மேற்கொண்ட எந்தக் கணிப்பொறியும் வழங்கியே. நூலகத்தில் நூல் எடுத்துத் தரும் பணியாளரை இதற்கு ஒப்பிடலாம். வாசகர் சீட்டில் நூலின் பெயரை எழுதித் தருகின்றார். பணியாளர் அட்டவணையைப் பார்த்து, அடுக்கிற்குச் சென்று, நூலைக் கொணர்கின்றார். வாசகர் ஒருவராயின் இடர்ப்பாடில்லை. ஐந்நூறு பேர் ஒரே வேளையில் சீட்டு நீட்டினால் என்னாகும்? பேரளவு வழங்கி அமைப்பின் இலக்கணம் முழுவதும் இவ்வொரு வினாவிற்கான விடையேயாகும்.

எண்களால் இதனை விளக்கலாம். ஒரு கல்லூரியின் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் 3,000 மாணவர் பத்து நிமிடங்களுக்குள் முடிவைக் காண முற்படுவதாகக் கொள்வோம். ஒவ்வொருவரும் பத்து முறை கேட்பதாயின் 30,000 வேண்டுகோள்கள் எழும். அஃதாவது நொடிக்கு 50. கல்லூரியின் வழங்கி நொடிக்கு 20 பக்கங்களையே உருவாக்க வல்லது எனின், ஒவ்வொரு நொடியும் 30 பேர் வரிசையில் தேங்குவர். பத்து நிமிடங்களின் முடிவில் 18,000 வேண்டுகோள்கள் விடையின்றி நிற்கும். காத்திருந்து சலித்தவர் மீண்டும் மீண்டும் விசையை அழுத்துவர். அதனால் வரிசை மேலும் நீளும். பொறி பழுதுபடவில்லை, எனினும் பயன்படவில்லை. இதனையே மக்கள் 'சர்வர் படுத்துவிட்டது' என்கின்றனர்.

மூலநிரலும் வக்ஃபு அறமும்

வழங்கியை இயக்கும் மென்பொருளை மனிதர் முதலில் தாம் படித்துணரத்தக்க வடிவில் எழுதுகின்றனர். அதுவே மூலநிரல். அதனைப் பொறிக்கு மட்டும் விளங்கும் வடிவிற்கு மாற்றி விற்பது வணிக மரபு. வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம். உள்ளே நடப்பதைக் காணவோ திருத்தவோ பிறர்க்குப் பகிரவோ இயலாது.

இம்மரபிற்கு மாறாக, அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ஆம் ஆண்டு செப்டம்பரில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1989இல் அவர் வெளியிட்ட பொது உரிமம் நான்கு உரிமைகளை உறுதி செய்தது. எந்நோக்கத்திற்கும் பயன்படுத்தலாம், மூலநிரலைக் கற்று மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம், திருத்திய வடிவையும் வழங்கலாம். ஆனால் பெற்றவர் தாம் வழங்கும்போது இவ்வுரிமைகளைப் பிறர்க்கு மறுத்தல் கூடாது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டில் பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளக் கருவை அறிவித்தார். அடுத்த ஆண்டில் அதனை இவ்வுரிமத்தின் கீழ்க் கொணர்ந்தார். அதுவே லினக்ஸ்.

இவ்வுரிமத்தின் உட்பொருள் இஸ்லாமியர்க்குப் புதிதன்று. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என் செய்வதென உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் விளைவை அறத்திற்கு ஆக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பது நபிமொழித் தொகுப்புகளால் அறியப்படுவது. அந்நிலம் விற்கப்படாது, அன்பளிப்பாகக் கொடுக்கப்படாது, வாரிசுரிமையாகவும் செல்லாது. அதன் பயனோ பலர்க்கும் உரியது. பொது உரிமமும் மூலநிரலைத் தனியுடைமையாக்குவதைத் தடுத்து அதன் பயனைப் பொதுவாக்குகின்றது.

எனினும் இரண்டும் முற்றும் ஒன்றல்ல. வக்ஃபு நிலத்தின் விளைவை ஒருவர் நுகர்ந்தால் அப்பங்கு குறையும். மென்பொருளைப் பத்துக் கோடிப் பேர் நுகரினும் அது குறைவதில்லை. வக்ஃபிற்கு முத்தவல்லி உண்டு. மென்பொருளுக்கோ பொறுப்பாளர் தாமாக முன்வந்தாலன்றி எவரும் இலர். இரண்டாம் வேறுபாடு பேரிடர்க்கும் காரணமாகலாம் என்பது பின்னர் விளக்கப்படும்.

கண்மாய் காட்டும் நெறி

பேரளவு வழங்கி அமைப்பை விளங்கிக்கொள்ள நம் மாணவர் தொலைவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. வைகைச் சமவெளியின் கண்மாய்களைக் கண்டால் போதும். நம் முன்னோர் ஒரே பெரிய ஏரியை வெட்டி எல்லா ஊர்க்கும் அதனையே நம்பியிருக்கவில்லை. சிறிதும் பெரிதுமாகப் பல கண்மாய்களைத் தொடராக அமைத்தனர். மேற்கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியே நீர் கீழ்க்கண்மாய்க்குச் செல்லும். மடைகள் வயலுக்கு வேண்டும் அளவே திறக்கப்படும். முறை வைத்துப் பங்கிட நீர்க்கட்டி என்னும் பணியாளர் இருந்தார். குடிநீர்க்கெனக் குடியிருப்பின் அருகே ஊருணி தனியே அமைந்தது.

வழங்கி அமைப்பிலும் இந்நான்கு உறுப்புகளைக் காணலாம். முதலாவது, ஒரு பெரிய பொறிக்கு மாற்றாகப் பல சிறிய பொறிகள். இரண்டாவது, வரும் வேண்டுகோள்களை அவற்றிற்கிடையே பங்கிடும் சுமைப் பங்கீட்டுக் கருவி, அதுவே நீர்க்கட்டி. மூன்றாவது, அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களை முன்னரே ஆக்கி வாசகர்க்கு அருகில் வைத்திருக்கும் இடைச்சேமிப்பு, அதுவே ஊருணி. நான்காவது, தாங்கவொண்ணாச் சுமை வந்தால் ஒழுங்காக வெளியேற்றும் வழி, அதுவே கலுங்கு. கலுங்கில்லாக் கண்மாயின் கரை உடையும். 'சற்றுப் பொறுத்து வருக' என்று சிலர்க்குச் சொல்லத் தெரியாத வழங்கியோ அனைவர்க்கும் பயனற்றுப் போகும்.

முன்னர்க் கூறிய தேர்வு முடிவு நாளை மீண்டும் நினைக. பத்து வேண்டுகோள்களில் ஒன்பதிற்கு இடைச்சேமிப்பே விடை தந்துவிடுமாயின், வழங்கியை வந்தடைவன நொடிக்கு ஐந்தே. நொடிக்கு 20 உருவாக்க வல்ல அதே எளிய பொறி இப்போது இளைப்பாறும் நிலையில் இருக்கும். விலை மிகுந்த பொறியை வாங்காமல் அமைப்பைச் சீராக்கியே பெற்ற பயன் இது.

நிலைபேற்றிற்கும் ஒரு கணக்குண்டு. ஒரு பொறி நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நேரம் இயங்கும் எனின் நன்றென்றே தோன்றும். ஆனால் எஞ்சிய ஒரு பங்கு ஆண்டிற்கு மூன்றரை நாளுக்கும் மேலாகும். ஒன்றையொன்று சாராத இரு பொறிகளை வைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று தொடருமாறு செய்தால், இரண்டும் ஒருங்கே நிற்கும் நேரம் ஆண்டிற்கு ஏறத்தாழ 53 நிமிடங்களே. 'ஒன்றையொன்று சாராத' என்பதே ஈண்டு உயிர்நிலை. இரண்டும் ஒரே அறையில், ஒரே மின்னிணைப்பில் இருந்தால் இக்கணக்கு செல்லாது.

ஒரு சான்று: விக்கிப்பீடியா

இந்நெறிகள் பேரளவில் செயற்பட்டதற்குத் தமிழ் மாணவர் நாள்தோறும் எடுத்தாளும் சான்று ஒன்றுண்டு. 2001ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் ஆங்கிலத்தில் தொடங்கிய விக்கிப்பீடியா, 2003ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழிலும் தோன்றியது. அதன் தொடக்கக் காலத்தில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த திரு இ. மயூரநாதன் அவர்கள் ஆற்றிய பணி பெரிது. 2015ஆம் ஆண்டிற்கான இயல் விருது அவர்க்கு வழங்கப்பெற்றது. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் இன்று 1,60,000 என்னும் எண்ணைக் கடந்துள்ளன.

2004ஆம் ஆண்டிற்கு முன்னர் விக்கிப்பீடியா முழுவதும் ஓரிரு கணிப்பொறிகளிலேயே இயங்கிற்று. இன்று விக்கிமீடியா அறக்கட்டளையின் தளங்கள் திங்கள்தோறும் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட பக்கப் பார்வைகளைப் பெறுகின்றன. ஆயிரம் கோடி என்று மட்டும் கொண்டாலும் நொடிக்குச் சராசரி 3,800க்கு மேலாகும். இத்துணைச் சுமையையும் தாங்குவது திறந்தமூல மென்பொருளே. பொறிகளை இயக்குவது 1993இல் தோன்றிய டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு. தரவுகளைக் காப்பது மரியாடிபி. பக்கங்களை ஆக்குவது பிஎச்பி மொழியில் எழுதப்பெற்ற மீடியாவிக்கி. இடைச்சேமிப்பிற்கு வார்னிஷ் முதலியன பயன்படுகின்றன.

இதன் அமைப்பு முறையைச் சுருக்கமாகக் காண்போம். வாசகர் ஒருவர் பக்கமொன்றைக் கேட்டால், அவ்வேண்டுகோள் அவர்க்கு அணித்தான இடைச்சேமிப்புக் கூடத்திற்குச் செல்லும். ஆசிய வாசகர்க்கென 2018இல் சிங்கப்பூரில் அத்தகைய கூடம் அமைந்தது. பக்கம் அங்கிருந்தால் உடனே கிடைக்கும். இல்லையேல் அமெரிக்காவிலுள்ள மையக் கூடத்திற்குச் செல்லும். அங்கே பக்கம் புதிதாக ஆக்கப்பெற்று, வாசகர்க்கும் இடைச்சேமிப்பிற்கும் அனுப்பப்பெறும். தரவுத்தளங்களில் எழுதுவதற்கு ஒரு முதன்மைப் பொறியும், படிப்பதற்கு அதன் நகல்கள் பலவும் உள்ளன. படிப்போர் பலர், எழுதுவோர் சிலர் என்னும் உலகியலை உணர்ந்து அமைத்த அமைப்பு இது.

அசல், நகல் என நாம் நாள்தோறும் வழங்கும் இரு சொற்களும் அரபு மொழி தமிழுக்குத் தந்தவை. அசலை ஓரிடத்தும் நகலை மற்றோரிடத்தும் வைக்கும் பத்திர எழுத்தரின் பழக்கமே இத்தரவுத்தளங்களின் அடிப்படையுமாகும்.

மற்றொரு சிறப்பும் குறிக்கத்தக்கது. பொறிகள் ஒவ்வொன்றையும் எவ்வாறு நிறுவி அமைக்க வேண்டும் என்னும் குறிப்புகளை இவ்வறக்கட்டளை பப்பெட் என்னும் கருவிக்குரிய நிரலாக எழுதி, கடவுச்சொற்கள் நீங்கலாக, 2011இல் பொதுவில் வைத்தது. கந்தூரிச் சமையலில் கைதேர்ந்த ஒருவர் அளவுகளைத் தம் நெஞ்சில் மட்டும் வைத்திருந்து மறைந்தால் அச்சுவையும் அவரோடு மறையும். எழுதிவைத்தால் மற்றொருவர் ஆக்கலாம். அமைப்புக் குறிப்பு எழுத்தில் இருக்குமாயின், பழுதுற்ற பொறியை அகற்றிப் புதிய பொறியைச் சில மணி நேரத்தில் அதேபோல் ஆக்கலாம். பேரளவில் இது இன்றியமையாதது. ஆண்டொன்றிற்கு நூற்றில் இரண்டு வட்டுகள் பழுதாகும் எனக் கொண்டால், ஆயிரம் வட்டுகள் உள்ள கூடத்தில் பதினெட்டு நாளுக்கொரு வட்டு பழுதாகும். அங்கே பழுது என்பது விபத்தன்று, அன்றாடம்.

இடர்கள் கற்பித்தவை

வெற்றிகளினும் இடர்களே மிகுதியாகக் கற்பிக்கின்றன. 2009ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் இசைக்கலைஞர் மைக்கேல் சாக்சன் மறைந்த செய்தி பரவியபோது, உலகெங்கும் உள்ளோர் அவரைப் பற்றிய ஒரே பக்கத்தை நாடினர். அதே வேளையில் பலர் அப்பக்கத்தைத் திருத்தியும் வந்தனர். திருத்தந்தோறும் இடைச்சேமிப்பிலிருந்த படி பழையதாயிற்று. பழையதானவுடன், பக்கங்களை ஆக்கும் பொறிகள் அனைத்தும் ஒரே பக்கத்தைத் தனித்தனியே புதிதாக ஆக்க முற்பட்டுத் திணறின. ஊருணி வற்றியபோது ஊரார் அனைவரும் ஒரே மடையில் குடம் நீட்டியது போன்ற நிலை. ஒரு பக்கத்தை ஒரு வேளையில் வரையறுத்த சிலரே ஆக்கலாம். ஏனையோர் காத்திருக்கலாம், அன்றிப் பழைய படியைப் பெறலாம் என்னும் ஒழுங்கு பின்னர்ப் புகுத்தப்பெற்றது.

2010ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் ஐரோப்பாவிலிருந்த கூடத்தில் வெப்பம் மிகுந்து பொறிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே நின்றன. அச்சுமையை அமெரிக்காவின் புளோரிடாக் கூடத்திற்குத் திருப்ப முனைந்தபோது, திருப்பும் பொறியமைவே பழுதுபட்டிருந்தது தெரிய வந்தது. அதனால் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் பணி உலகெங்கும் தடைப்பட்டது. ஒரு கூடத்தின் பழுது அனைவரையும் தாக்கிற்று. மாற்று ஏற்பாடு இருந்தது, செயற்படவில்லை. சோதித்துப் பாராத மாற்று ஏற்பாடு மாற்று ஏற்பாடாகாது என்பதே இதன் படிப்பினை.

அப்படிப்பினை நடைமுறையிலும் காணப்படுகின்றது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாக, ஒரு மையக் கூடத்தின் பணி முழுவதையும் மற்றொரு கூடத்திற்கு வேண்டுமென்றே மாற்றிச் சோதிக்கின்றனர். முதன்முறை மாற்றியபோது அரை மணிக்கும் மேலாக எவரும் பக்கங்களைத் திருத்த இயலவில்லை. பழகப் பழக அந்நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கிற்று. இடர் நேரும்முன் இடரைப் பயிலுதலே பயிற்சி.

குடிமராமத்து

திறந்தமூல மென்பொருள் விலையின்றிக் கிடைப்பதால் செலவின்றிக் காக்கப்படும் என எண்ணுதல் பிழை. பாதுகாப்பான இணையத் தொடர்பிற்கு உலகின் பெரும்பகுதி வழங்கிகள் நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் கொடியதொரு பிழை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீடு எனப்பெற்ற அப்பிழையால் வழங்கியின் நினைவகத்திலிருந்து மறைபொருள்கள் கசியக்கூடும். இரண்டாண்டுகளாக அப்பிழை அங்கேயே இருந்தது. பெருநிறுவனங்கள் பல அம்மென்பொருளால் பயன்பெற்றன. ஆனால் அதனைப் பேணியவரோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர். அவருள் முழுநேரப் பணியாளர் ஒருவரே. அதன் பின்னரே நிறுவனங்கள் பொருள் திரட்டி உதவ முன்வந்தன.

நம் ஊர்க் கண்மாய்களின் வரலாறும் இதுவே. ஊரார் கூடித் தூர்வாரி, கரை உயர்த்தி, மடை செப்பனிடும் வழக்கத்தைக் குடிமராமத்து என்றனர். 'குடி' தமிழ்ச் சொல். 'மராமத்து' அரபு மூலத்திலிருந்து வந்த சொல். இரண்டும் இணைந்தே ஊர்க்கு நீர் கிடைத்தது. பொதுச்சொத்தின் பயனை அனைவரும் நுகர்ந்து, பராமரிப்பை எவரும் ஏலாதபோது கண்மாய் தூர்ந்தது. முத்தவல்லியில்லா வக்ஃபிற்கு நேரும் நிலையே பேணுவாரில்லா மென்பொருளுக்கும் நேரும். ஆதலின் திறந்தமூல மென்பொருளைப் பயன்படுத்துவோர், பிழை கண்டால் அறிவித்தல், விளக்கவுரையைத் தமிழாக்குதல், இயன்ற பொருளுதவி செய்தல் ஆகியவற்றைக் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

தமிழகத்திலும் இந்தியாவிலும்

தமிழகத்தில் இத்துறை முயற்சிகள் புதியனவல்ல. 2005இல் தோன்றிய கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தில் அண்ணா பல்கலைக்கழகமும் சென்னை சி-டாக் நிறுவனமும் பங்கேற்றன. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006ஆம் ஆண்டு முதல் தன் கணிப்பொறிகளை லினக்சிற்கு மாற்றலாயிற்று.

இந்திய அளவில் ஆதார் அமைப்பு குறிக்கத்தக்கது. முதல் ஆதார் எண் 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் வழங்கப்பெற்றது. 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வெண்ணிக்கை நூறு கோடியைத் தொட்டது. பெங்களூரு, மானேசர் ஆகிய ஈரிடக் கூடங்களில், மைஎஸ்க்யூஎல், ஹடூப் முதலான திறந்தமூல மென்பொருள்கள் இதில் பயன்பட்டன. பேரளவு அமைப்பை இவற்றால் எழுப்ப இயலும் என்பதற்கு இது சான்று.

எனினும் இதன் மறுபக்கத்தையும் மாணவர் எண்ணல் வேண்டும். உழைத்து உழைத்து விரல்ரேகை தேய்ந்த முதியவர் ஒருவரைப் பொறி ஏற்கவில்லையெனின், கூடத்தில் வழங்கிகள் அனைத்தும் செவ்வனே இயங்கினும் அவர்க்கு அரிசி கிடைப்பதில்லை. ஆகவே மாற்று வழி என்பது பொறிக்கு மட்டுமன்றி, பொறியின் முன் நிற்கும் மனிதர்க்கும் வேண்டும். தனிமனித விவரங்களைப் பேரளவில் திரட்டுதல் பற்றிய வினாக்கள் உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்புப் பெற்றதையும் நாமறிவோம். மூலநிரல் திறந்திருப்பதால் மட்டுமே அமைப்பு அறவழிப்பட்டதாகிவிடாது.

ஓரிடத்து இருப்பின் இடர்

1981ஆம் ஆண்டு மே இறுதி, சூன் தொடக்க நாள்களில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. ஓரிடத்தில் மட்டும் இருப்பது ஒரு நாளில் இல்லாமற்போகும் என்னும் கொடிய பாடம் அது. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் இலங்கைத் தமிழ் மின்னூலகம் அப்பாடத்தை உணர்ந்தோரின் பணியாகும். இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அதில் உள்ளன. அதனைத் தாங்குவதும் விக்கிப்பீடியாவிற்கென எழுதப்பெற்ற அதே மீடியாவிக்கி மென்பொருளே. ஓரிடத்துத் திறந்த மூலநிரல் மற்றோரிடத்தில் நூல் காக்கின்றது.

தீயின்றியும் நூல் அழியும். பழைய ஆண்டுமலர் ஒன்றின் அச்சுக் கோப்பை இக்கட்டுரையாளர் பல ஆண்டுகளுக்குப் பின் திறந்தபோது, பக்கங்கள் இருந்தன, தமிழ் இல்லை. எழுத்துக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே நிறைந்திருந்தன. அக்கோப்பு அச்சகம் ஒன்று அந்நாளில் தனக்கெனப் பயன்படுத்திய எழுத்துருவில் அமைந்தது. அவ்வெழுத்துருவின் குறியேற்ற அட்டவணை எவரிடமும் இல்லை. அம்மலரில் எழுதிய பேராசிரியர் சிலர் இன்றில்லை. அச்சிட்ட படியொன்றை ஓர் இல்லத்தின் அலமாரியிலிருந்து தேடிப் பெற்ற பின்னரே அக்கட்டுரைகளை மீண்டும் காண முடிந்தது.

மதுரைத் திட்டத்திற்கு இந்நிலை நேரவில்லை. அதன் நூல்கள் முதலில் மயிலை எழுத்துருவிலும், பின்னர் டிஸ்கி குறியேற்றத்திலும், அதன்பின் யூனிகோடிலும் வெளிவந்தன. குறியேற்ற அட்டவணைகள் அறியப்பட்டிருந்தமையால் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாற்ற இயன்றது. தமிழக அரசும் 2010ஆம் ஆண்டு சூன் திங்களில் யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்தது. மூலநிரல் திறந்திருப்பது போன்றே, எழுத்தைக் காக்கும் முறையும் திறந்திருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

நம் துறை செய்யத்தக்கன

மேற்கண்டவற்றால், ஒரு கல்லூரித் தமிழ்த்துறை தன் அளவில் மேற்கொள்ளத்தக்க பணிகளை வகுக்கலாம்.

1. கணக்கிடுதல். 200 பக்கங்கள் கொண்ட 1,000 நூல்களை ஒளிவருடிப் படங்களாக்கினால், பக்கத்திற்கு 1 மெகாபைட்டு என்னும் அளவில் 200 கிகாபைட்டு ஆகும். மூன்று படிகள் வைப்பின் 600 கிகாபைட்டு. அதே பக்கங்களைத் தட்டச்சிட்டு எழுத்தாக வைப்பின், பக்கத்திற்கு 1,500 குறிகள், குறி ஒன்றிற்கு மூன்று பைட்டு என்னும் அளவில், அனைத்தும் ஒரு கிகாபைட்டிற்குள் அடங்கும். ஆதலின் பொருளில்லை என்பது தடையன்று, உழைப்பே வேண்டுவது.

2. எளிய தொடக்கம். பயன்படுத்தாது ஒதுக்கிய கணிப்பொறி ஒன்றில் டெபியனை நிறுவி, மீடியாவிக்கியைக் கொண்டு துறைக்கெனச் சிறு நூலகம் அமைக்கலாம். சுமை பெருகிய பின்னரே பொறிகளைப் பெருக்க வேண்டும். விக்கிப்பீடியாவும் அவ்வாறே வளர்ந்தது.

3. மூன்று படிகள். ஒன்று துறையிலும், மற்றொன்று கல்லூரியின் வேறு கட்டடத்திலும், மூன்றாவது வேற்றூரிலும் இருத்தல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை நகலிலிருந்து நூலொன்றை மீட்டுப் பார்த்தல் வேண்டும்.

4. எழுத்தில் குறிப்பு. எந்தப் பொறியில் எது உள்ளது, எவ்வாறு நிறுவப்பெற்றது என்பதைத் தமிழில் எழுதி, கணிப்பொறியிலும் தாளிலும் வைத்தல் வேண்டும். மாணவர் மூன்றாண்டுகளில் வெளியேறுவர்; குறிப்பு நிலைக்கும்.

5. உரிமை. உரிமைக்காலம் முடிந்தவற்றையும் உரியவர் இசைந்தவற்றையும் மட்டுமே பொதுவில் வைத்தல் வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்டவற்றைத் தமிழ் விக்கிமூலத்திற்கு வழங்கியமை நல்ல முன்மாதிரி.

6. இணைந்து உழைத்தல். தமிழ்த்துறை மெய்ப்பு நோக்க, கணிப்பொறித்துறை வழங்கியைப் பேணலாம். சமுதாயப் பெரியோர் தம் இல்லங்களில் உள்ள பழைய முனாஜாத்துகள், கிஸ்ஸாக்கள், அரபுத்தமிழ் ஏடுகள், கந்தூரி அழைப்பிதழ்கள் ஆகியவற்றை ஒளிவருடத் தந்து உதவலாம். அவற்றுட் பலவற்றிற்கு உலகில் வேறு படி இல்லாதிருக்கலாம்.

முடிவுரை

பேரளவு வழங்கி அமைப்பு என்பது பெரும்பொருள் படைத்தோரின் மந்திரமன்று. சுமையைப் பலரிடம் பங்கிடுதல், அடிக்கடி வேண்டுவதை அருகில் வைத்தல், அசலுக்கு நகல் வைத்தல், இடரை முன்னரே பயிலுதல், செய்வதை எழுதிவைத்தல், கூடிப் பேணுதல் என்னும் எளிய நெறிகளின் தொகுதியே அது. திறந்தமூல மென்பொருள் அந்நெறிகளை எளியவர்க்கும் எட்டச் செய்தது. 'அல்காரிதம்' என்னும் சொல்லே அல்-குவாரிஸ்மி என்னும் முஸ்லிம் அறிஞரின் பெயரிலிருந்து பிறந்தது என்று மேடைகளில் பெருமிதத்துடன் கூறுகின்றோம். அப்பெருமிதம் முறையானதே. எனினும், முன்னோர் பெயரைச் சொல்லி மகிழும் நாம், நம் இல்லத்து அலமாரியில் செல்லரிக்கும் ஏட்டிற்கு ஒரு நகல் எடுத்தோமா என்றும் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

மனிதன் மறைந்த பின்னும் தொடரும் நன்மைகளில், பிறர் பயன்பெறும் கல்வியும் நிலைத்த தருமமும் அடங்கும் என்பது நபிமொழி தரும் கருத்து. காக்கப்பட்ட நூல் இரண்டிற்கும் உரியது. இம்மலரைக் கையில் ஏந்தியுள்ள மாணவச் செல்வங்கள், இதன் ஒரு படியையேனும் யூனிகோடு எழுத்தில், மூன்று இடங்களில், நாளை வருவோர்க்காக வைப்பதிலிருந்து தம் பணியைத் தொடங்குவார்களாக. அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!